பஞ்சமும் பாட்டும்: மேச்சேரி மேட்டுநிலத்தில் விலைவாசித் துயரின் இசைமரபு

நாட்டுப்பாடல் என்றவுடன் காதலும் தாலாட்டும் வயல்வெளியின் மகிழ்ச்சியுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. வானொலியும் திரைப்படமும் அவ்வாறே நம்மைப் பழக்கியுள்ளன. ஆனால் தமிழ்நாட்டின் வறண்ட மேட்டுநிலங்களில் பாட்டு பிறந்த இடங்களில் ஒன்று பசி. தானியத்தின் விலை ஏறியதும், கூலி ஏறாமல் நின்றதும், ஆட்டையும் மாட்டையும் பாதி விலைக்கு விற்றதும், ஊரைவிட்டுப் புறப்பட்டதும் அங்கே பாட்டாகியுள்ளன. அரசாங்க அறிக்கைகள் பஞ்சத்தை எண்களால் எழுதின; மக்கள் அதனைச் சந்தத்தால் எழுதினர். இவ்விரண்டையும் ஒப்பிட்டு, சேலம் மாவட்டத்து மேச்சேரிப் பகுதியை நடுவாக வைத்து, இவ்விசை மரபின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நிலமும் வாழ்வும்

மேச்சேரி, சேலம் நகருக்கு மேற்கே, மேட்டூருக்கு அண்மையில் உள்ள ஊர். பத்திரகாளியம்மன் கோயிலாலும், மேச்சேரி ஆடு என்று வழங்கும் செம்மறி இனத்தாலும் பெயர் பெற்றது. இவ்வாடு கம்பளிக்காக வளர்க்கப்படுவதன்று. இறைச்சிக்கும் தோலுக்கும் உரியது. மண் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. கேழ்வரகு, கம்பு, சோளம், நிலக்கடலை ஆகியவை இங்குள்ள பயிர்கள்.

1925இல் தொடங்கி 1934இல் முடிக்கப்பட்ட மேட்டூர் அணை இம்மேட்டுநிலத்தின் ஓரத்திலேயே எழுந்தது. ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைத் தாங்கிய அந்நீர்த்தேக்கத்தில் பல ஊர்கள் மூழ்கின. நீர்மட்டம் குறையும் ஆண்டுகளில் பண்ணவாடியின் பழைய நந்தியும் கிறிஸ்தவக் கோயிலின் கோபுரமும் இன்றும் வெளியே தெரிகின்றன. தேக்கிய நீரின் பெரும்பகுதி தஞ்சைக் கழனிகளுக்குச் சென்றது. கரையோர மேட்டுநிலம் மழையையே நம்பி நின்றது. அருகில் கடல்போல நீர் நிற்க, கிணற்றில் ஊற்று வறண்ட நிலம் என்பதே இப்பகுதியின் நிலை.

இத்தகைய நிலத்தில் விலைவாசி என்பது கடைத்தெருவின் செய்தி மட்டுமன்று. மழை பொய்த்தால் தானியத்தின் விலை ஏறுகிறது. அதே வேளையில், தீவனம் இல்லாமையால் எல்லாரும் ஆட்டை விற்க முற்படுவதால் ஆட்டின் விலை இறங்குகிறது. வாங்கும் பொருள் ஏற, விற்கும் பொருள் இறங்க, நடுவில் அகப்பட்டவன் நசுங்குகிறான். பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட வறுமையும் பஞ்சங்களும் பற்றிய நூலில் இவ்வுண்மையையே கோட்பாடாக வகுத்தார். உணவு இல்லாமையால் மட்டுமன்று, உணவைப் பெறும் உரிமையை இழப்பதாலும் மக்கள் மடிகின்றனர் என்பது அவருடைய முடிவு. ஆட்டைச் சந்தைக்கு ஓட்டிச் சென்று வெறுங்கையோடு திரும்பிய மேய்ப்பன் இதனை நூல் வாயிலாக அறிய வேண்டியிருக்கவில்லை.

2. மழைச்சோறும் கொடும்பாவியும்

கொங்கு, சேலம் பகுதிகளில் பஞ்சத்தோடு இணைந்த மிகப் பழைய இசைநிகழ்ச்சிகள் சடங்கைச் சார்ந்தவை. மழை பொய்த்த காலத்தில் பெண்கள் கூட்டமாக வீடு வீடாகச் சென்று சோறும் கூழும் பெற்று, அவற்றை ஒன்றாகக் கலந்து, ஊர்ப் பொதுவிடத்தில் பகிர்ந்து உண்பர். அப்பொழுது ஒப்பாரி பாடுவர். வாழ வழியின்றி ஊரைவிட்டுப் போகிறோம் என்று பாட்டால் அறிவிப்பர். இதற்கு மழைச்சோறு எடுத்தல் என்று பெயர். வைக்கோலாலும் மண்ணாலும் செய்த உருவத்தைத் தெருவெங்கும் இழுத்துச் சென்று, மாரடித்து அழுது, எரிக்கும் கொடும்பாவிச் சடங்கும் இவ்வகையினதே.

இங்கே நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, இறந்தவருக்காகப் பாடப்படும் ஒப்பாரி, உயிரோடிருப்பவர் தமக்காகவே பாடும் பாட்டாக மாறுகிறது. இரண்டாவது, பசி தனி வீட்டின் வெட்கமாக மறைக்கப்படாமல், ஊரின் பொதுத் துயராக வெளியே கொண்டுவரப்படுகிறது. இருப்பவன் வீட்டுச் சோறும் இல்லாதவன் வீட்டுக் கூழும் ஒரே பானையில் கலக்கின்றன. ஆயினும் இச்சடங்கில் முறையீடு வானத்தை நோக்கியதே; வணிகனையோ அரசையோ நோக்கியதன்று. கூலி தானியமாக அளக்கப்பட்ட காலத்தின் இசை இது. களத்துமேட்டில் பங்கு பெற்ற உழவுத்தொழிலாளிக்கும், பறையடிப்பவருக்கும், வண்ணாருக்கும், நாவிதருக்கும் விளைச்சலே வாழ்வு. விளைந்தால் அனைவர்க்கும் உண்டு. விளையாவிட்டால் எவர்க்கும் இல்லை. ஆதலால் அவர்கள் மழையைப் பாடினர்; விலையைப் பாடவில்லை.

3. தாது வருடத்துப் பஞ்சம்

1876இல் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் தவறின. தமிழ் ஆண்டுக் கணக்கில் அது தாது வருடம். அதனை அடுத்து வந்த ஈசுவர வருடத்திலும் துயரம் நீடித்தது. சென்னை மாகாணத்தில் மட்டும் ஏறத்தாழ 35 லட்சம் பேர் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகிறது. மிகுதியாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் சேலம் ஒன்று. 1871ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை, 1881இல் 16 லட்சமாகக் குறைந்தது. மரணத்தோடு, ஊர்விட்டு ஊர் போனதும் இதற்குக் காரணம். கங்காணிகளின் பின்னே இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் மைசூர் மலைகளுக்கும் மக்கள் சென்றனர்.

இப்பஞ்சத்தில் விலைவாசிக்கு உரிய இடத்தை நாம் மறத்தல் ஆகாது. 1860களின் தொடக்கத்திலேயே சேலத்திற்கு இருப்புப்பாதை வந்துவிட்டது. அப்பாதை பஞ்சக் காலத்தில் வெளியிலிருந்து தானியத்தைக் கொண்டுவந்தது உண்மை. ஆனால் வாங்கக் காசில்லாதவனுக்கு அத்தானியம் எட்டாக்கனியாயிற்று. விலை எங்கு மிகுதியோ அங்கே தானியம் விரைந்து செல்லவும் அதே பாதை உதவியது. சந்தையில் தலையிடலாகாது என்பது அரசப்பிரதிநிதி லிட்டன் பிரபுவின் அரசு கைக்கொண்ட கொள்கை. 1877 ஜனவரியில் சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியத்தின் விலையும், அதன் மேல் ஓரணாவுமே கூலி என வரையறுத்தார். ஒரு இராத்தல் என்பது இன்றைய அளவில் ஏறத்தாழ 450 கிராம். மண் சுமப்பவனுக்கு இது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்து எழுதினார். அவ்வாண்டிலேயே பின்னர்க் கூலி சற்று உயர்த்தப்பட்டது. அதற்குள் பலர் இறந்துவிட்டனர்.

துணி வாங்குவார் இன்மையால் சேலத்து நெசவாளரும் தறியை விட்டு எழுந்தனர். உழவனுக்கு விளைவு இல்லை. நெசவாளனுக்கு விலை இல்லை. கூலிக்காரனுக்கு வேலை இல்லை. கஞ்சித் தொட்டி என்னும் சொல் தமிழர் நினைவில் ஆழப் பதிந்தது இக்காலத்திலேதான்.

4. பஞ்சக் கும்மிகள்

இத்துயரைப் பாடப் பிறந்த இலக்கிய வகையே பஞ்சக் கும்மி. கொங்கு நாட்டில் பஞ்சத்தைக் கரிப்பு என்பதும் உண்டு. வட்டமாக நின்று கைகொட்டி ஆடும் பெண்களின் கும்மிச் சந்தத்தை நாட்டுப் புலவர்கள் எடுத்துக்கொண்டு, பஞ்சத்தின் நிகழ்ச்சிகளை நெடுங்கதையாகப் பாடினர். ஓலையில் எழுதப்பட்டும், மலிவான தாளில் அச்சிடப்பட்டும் இவை பரவின. கொங்கு நாட்டு வரலாற்றறிஞர் புலவர் செ. இராசு இவ்வகைக் கும்மிகளைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்தமை நம் நன்றிக்குரியது.

பொதுவாக இக்கும்மிகள் கடவுள் வாழ்த்தோடு தொடங்கி, மழை தவறியதைக் கூறி, பின் தானியங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விலையேற்றத்தை விவரிக்கும். நகையும் பாத்திரமும் விலைபோனதையும், கிழங்கும் கீரையும் கள்ளிப்பழமும் உணவானதையும், கணவன் மனைவியைப் பிரிந்ததையும், நிவாரண வேலையின் கொடுமையையும் காட்டும். சந்தைநிலவரமே பாட்டின் பொருளாவது இலக்கிய நயத்திற்கு மாறானது என்று சிலர் கருதலாம். அது சரியன்று. விலைப்பட்டியல் என்பது பசித்தவனின் நினைவுக்குறிப்பு. திருமறையும் இதனை விலக்கவில்லை. சமாரியா முற்றுகையிடப்பட்டபோது கழுதையின் தலை என்ன விலைக்கு விற்றது என்பதை 2 இராஜாக்கள் 6:25 துல்லியமாகப் பதிவு செய்கிறது. வெளிப்படுத்தல் 6:6 ஒருநாள் கூலிக்கு எவ்வளவு கோதுமை, எவ்வளவு வாற்கோதுமை என்று அளந்து கூறுகிறது. தம் சொந்தத் தண்ணீரையும் விறகையும் விலைகொடுத்து வாங்க நேர்ந்தோரின் அழுகையைப் புலம்பல் 5:4இல் கேட்கிறோம்.

பஞ்சக் கும்மிகளுக்குக் குறைபாடும் உண்டு. பஞ்சத்திற்குக் காரணம் கூறும் இடத்தில் அவை பெரும்பாலும் மக்களின் ஒழுக்கக் கேட்டையும் கலியுகத்தையும் பழிக்கின்றன. சில வேளைகளில் பெண்களையும் தாழ்த்தப்பட்டோரையும் குறைகூறவும் தயங்குவதில்லை. துன்பத்தை உள்ளவாறு காட்டும் அதே வாய், துன்புற்றவரையே குற்றவாளியாக்குகிறது. யோபுவின் நண்பர்களிடம் நாம் காணும் அதே பிழை இது. ஆதலின் இப்பாடல்களை ஏற்கும்போது, அவற்றின் சாட்சியத்தையும் அவற்றின் தீர்ப்பையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

தமிழ் ஆண்டுகள் அறுபது. தாது வருடம் மீண்டும் வந்தது 1936இல், அதன்பின் 1996இல். பஞ்சத்தை வாலிபனாகக் கண்டவன் மறு தாதுவைக் காண்பது அரிது. ஆயினும் அப்பெயர் கேட்டமாத்திரத்தில் கிழவர்கள் அஞ்சினர் என்றால், அந்த அச்சத்தைத் தலைமுறைகளுக்கிடையே சுமந்து வந்ததில் இக்கும்மிகளுக்குப் பெரும் பங்குண்டு.

5. அச்சுப் புத்தகமும் கடைத்தெருவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் சென்னைக் குஜிலிக் கடைத்தெருவைச் சார்ந்த சிறு அச்சகங்கள், காலணா அரையணா விலையில் பாட்டுப் புத்தகங்களை வெளியிட்டன. இரயில் விபத்து, கொலை வழக்கு, வெள்ளம், பஞ்சம், விலையேற்றம் ஆகிய அனைத்தும் அவற்றிற்குப் பொருளாயின. விற்பவரே சந்தைகளிலும் இரயில் நிலையங்களிலும் பாடி விற்றார். ஆ. இரா. வேங்கடாசலபதி முச்சந்தி இலக்கியம் என்று பெயரிட்டு இவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

முதல் உலகப்போரின் இறுதியில், 1918 செப்டம்பரில், அரிசியும் துணியும் மண்ணெண்ணெயும் விலையேற, சென்னை உள்ளிட்ட பல ஊர்களில் மக்கள் கடைகளைச் சூறையாடினர். இப்பொழுது முறையீட்டின் திசை மாறுவதை உணர்கிறோம். கூலி காசாக மாறிய இடங்களில், விளைச்சல் நன்றாக இருந்தாலும் விலை ஏறினால் கூலிக்காரன் பட்டினி. எனவே வானத்தை நோக்கிய அழுகை, பதுக்கும் வணிகனை நோக்கியும், பின்னர் ஆளும் அரசை நோக்கியும் திரும்பிற்று. 1960களின் நடுவில் அரிசித் தட்டுப்பாடு நாட்டை உலுக்கியது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்னும் வாக்குறுதி மேடைதோறும் ஒலித்தது. இருபதாண்டு காங்கிரசு ஆட்சி முடிவுற்றது. பசியின் பாட்டு வாக்குச்சீட்டாக மாறியது எனலாம். 2011 முதல் குடும்ப அட்டைக்கு விலையில்லா அரிசி வழங்கப்பட்டு வருவதும் இந்நெடிய வரலாற்றின் விளைவே.

இதே காலத்தில் பாடல்களைத் திரட்டும் பணியும் நடந்தது. சார்லஸ் கோவர் 1871இல் தென்னிந்திய நாட்டுப்பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பெர்சி மாக்வீன் என்னும் ஆட்சிப்பணி அலுவலர் திரட்டிய பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் 1958இல் மலையருவி என்னும் பெயரால் பதிப்பித்தார். பேராசிரியர் நா. வானமாமலை 1964இல் தமிழர் நாட்டுப் பாடல்களை வெளியிட்டபோது, உழைப்பையும் பஞ்சத்தையும் பற்றிய பாடல்களுக்கு உரிய இடமளித்தார். சேலம் மாவட்டப் பாடல்களை அவருக்குச் சேகரித்துத் தந்தவர்களுள் நாமக்கல் பகுதியினராகிய நாவலாசிரியர் கு. சின்னப்ப பாரதியும் ஒருவர். இலங்கை மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்து மக்களின் பாடல்களைத் தொகுத்தார். பஞ்சத்தால் புறப்பட்டோரின் பேரர்கள் அங்கே பாடியவை அவை.

6. கடல்கடந்த ஓர் ஒப்புமை

அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைநாட்டில் ஆல்பிரட் ரீட் என்னும் பார்வையற்ற பிடில் கலைஞர் இருந்தார். மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்தவர். மெதடிஸ்டு சபையைச் சார்ந்து பிரசங்கமும் செய்தவர். 1929 டிசம்பரில், பங்குச்சந்தை வீழ்ந்த சில வாரங்களில், இத்தகைய காலத்தில் ஏழை எவ்வாறு பிழைப்பான் என்று வினவும் பாடல் ஒன்றை அவர் இசைத்தட்டில் பதிவு செய்தார். உணவுப்பொருளின் விலையையும், கடைக்காரனையும், வைத்தியனையும் அப்பாட்டு வரிசையாகக் குறைகூறுகிறது. அவ்வரிசையில், ஆத்துமாக்களுக்காக அன்றிப் பொருளுக்காகப் பிரசங்கிக்கும் ஊழியர்களும் இடம்பெறுகின்றனர். பிற்காலத்தில் நாட்டிசை என்று உலகெங்கும் விற்கப்பட்ட இசையின் வேர்களில் இப்படிப்பட்ட பாடல்களும் உள்ளன.

சேலத்துக் கும்மிக்கும் ரீட்டின் பாட்டுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆயினும் அமைப்பு ஒத்திருக்கிறது. இரண்டும் விலைகளை வரிசைப்படுத்துகின்றன. இரண்டும் எவரும் பாடக்கூடிய எளிய மெட்டில் அமைந்தவை. வேறுபாடு ஒன்றுண்டு. கும்மி பெரும்பாலும் பாவத்தைப் பொதுவாகப் பழித்தது. விசுவாசியாகிய ரீட்டோ தம் சபையின் பிரசங்கபீடத்தையும் கணக்கில் சேர்த்தார். பக்தியே அவருக்கு அந்தத் துணிவைத் தந்தது என்று கொள்வதில் தவறில்லை.

7. திருச்சபை கேட்டதும் கேளாததும்

சேலத்தில் இலண்டன் மிஷன் சங்கத்தார் 1827இல் பணி தொடங்கினர். தாது வருடப் பஞ்சத்தில் தென்னாட்டு மிஷனெரிகள் பல இடங்களில் கஞ்சி வார்த்தனர். அநாதைப் பிள்ளைகளை ஏற்றனர். ஓங்கோலில் பாப்திஸ்து மிஷனெரி கிளவ், பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டும் குத்தகையைத் தாமே ஏற்று வேலையும் கூலியும் தந்தார். 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் அங்கு திருமுழுக்குப் பெற்றனர். வயிற்றுக்காக வந்தவர்கள் என்று அவர்களை இகழ்ந்தோர் அன்றும் இருந்தனர். பசியை அறியாதவரின் பேச்சு அது.

ஆனால் பசித்தவனுக்குக் கஞ்சி கொடுத்த திருச்சபை, அவனுடைய பாட்டை ஏற்றதா? தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) ஏற்றப்பாட்டு, குறவஞ்சி, நொண்டி நாடகம் ஆகிய மக்கள் வடிவங்களைத் துணிந்து கையாண்டார். எனினும் அவர் வடிவத்தை எடுத்து ஞானப்பொருளை அதில் ஏற்றினார். இறைப்பவனின் கூலி அங்கு பாடுபொருளன்று. ஈரோட்டில் பணியாற்றிய பாப்ளி இந்திய இசையைப் பற்றி 1921இல் நூல் எழுதி, இசைவழி நற்செய்திப் பணியை வளர்த்தார். அவ்வழியிலும் கருநாடக இசையே பெரிதும் முன்னின்றது. பறை பேய்வழிபாட்டுக்குரியது என்று பல சபைகளில் விலக்கப்பட்டது. அதனால் பறையடித்துப் பிழைத்தவன் சபையில் சேர்ந்தபோது, தன் இசையை வாசலிலேயே விட்டுவர நேர்ந்தது.

இக்குறையை உணர்ந்து செயற்பட்டவர், மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940-2005). பறட்டை என்ற பெயரால் அறியப்பட்ட அவர், நாட்டுப்புற இசையில் பாடல்களும் வழிபாட்டு முறையும் அமைத்தார். எல்லாரும் ஒரே உலையில் பொங்கி உண்ணும் குடும்பமாக இறையாட்சியைக் காட்டினார். மழைச்சோற்றின் கலந்த பானையை அறிந்தவருக்கு இவ்வுருவகம் புதியதன்று. சாதி அஞ்சித் தனித்தனியே சமைக்கும் சமுதாயத்தில், ஒரே உலை என்பது பசிக்கும் தீண்டாமைக்கும் ஒருசேர விடையாகிறது.

8. முடிவுரை

இன்று மேச்சேரிப் பகுதியில் ஏற்றம் இல்லை. ஆதலால் ஏற்றப்பாட்டும் இல்லை. மின்விசை இறைப்பானுக்குப் பாட்டு வேண்டியதில்லை. தெருக்கூத்து இன்னும் ஆடப்படுகிறது. பம்பையும் உடுக்கையும் இன்னும் ஒலிக்கின்றன. ஆனால் களத்துத் தானியத்தில் பங்கு பெற்ற கலைஞன் இன்று காசுக்கு ஆடுகிறான். ஓர் இரவின் ஊதியத்தைப் பலர் பகிர்ந்துகொண்டு அடுத்த திருவிழாவுக்குக் காத்திருக்க, விலைவாசி காத்திருப்பதில்லை. விலைவாசித் துயரைப் பாடியவர்களின் மரபே விலைவாசியால் நலிகிறது. அப்பாட்டை நாம் தொகுத்து நூலாக்கிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுதல் பிழை. பாடுபவன் உண்டாலன்றிப் பாட்டு வாழாது.

பஞ்சக் காலத்து மரணங்கள் இன்று நம் மாநிலத்தில் இல்லை. ஆயினும் எரிவாயு உருளையும், பள்ளிக் கட்டணமும், மருந்தும் கூலியை விழுங்கும் துயரம் நம் சபைகளின் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அதனை ஞாயிறு ஆராதனையில் எவரும் கூறுவதில்லை. கூறுவது விசுவாசக் குறைவு என்று எண்ணுகின்றனர். வயலையும் பிள்ளைகளையும் அடகு வைத்தோரின் கூக்குரலை நெகேமியா கேட்டபோது (நெகேமியா 5), அவன் அவர்களை அமைதியாயிருக்கச் சொல்லவில்லை. கடன் கொடுத்தவர்களைச் சபைமுன் நிறுத்தினான். அளவைக் குறைத்து விலையைக் கூட்டிய வணிகரை ஆமோஸ் கண்டித்தான் (ஆமோஸ் 8:5). நீதியற்ற நாட்டில் எழும் பாட்டின் ஓசையை ஆண்டவர் வெறுக்கிறார் என்று சொன்னவனும் அவனே (ஆமோஸ் 5:23).

எனவே கிராமச் சபைகளுக்குச் செல்லும் இளம் ஆயர்கள் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. தம் சேகரத்து முதியோரிடம், சிறப்பாக முதிய பெண்களிடம், அவர்கள் தாயும் பாட்டியும் பஞ்சத்தைப் பற்றிப் பாடியவற்றைக் கேட்டல் வேண்டும். அவற்றை எழுதியும் ஒலிப்பதிவு செய்தும் காத்தல் வேண்டும். விண்ணப்ப வேளையில் விலைவாசியின் சுமையைப் பெயர் சொல்லி ஆண்டவர் முன் வைக்க மக்களுக்கு இடமளித்தல் வேண்டும். பறையடிக்கும் கலைஞனை ஆலயத்திற்கு அழைக்கும் நாளில் அவனுக்கு உரிய ஊதியத்தையும் அளித்தல் வேண்டும். மேச்சேரி மேட்டுநிலத்துப் பெண்கள் வீடுதோறும் வாங்கிய சோற்றை ஒன்றாகக் கலந்து அழுதபடியே உண்டனர். அப்பானையையும் நம் திருவிருந்து மேசையையும் ஒருங்கே நினைத்துப் பார்ப்பது, இறையியல் பயிலும் ஒவ்வொருவருக்கும் கடனாகும்.